கொலுப்படியும் கைபேசியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சென்ற மாதம் நம் செயலாளர் அவர்கள் செம்பூரில் உள்ள என் இல்லத்திற்கு வந்து, ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று பணித்தார்கள். "எதைப் பற்றிப் பேசுவது?" என்று கேட்டேன். "தங்களுக்குத் தெரிந்ததைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது பொம்மை. இதைக் கேட்டதும் செயலாளர் அவர்களின் முகத்தில் தோன்றிய கலக்கத்தை நான் கவனிக்காமல் இல்லை. சென்ற ஆண்டு இதே மேடையில் சிலம்பின் நயத்தைக் கேட்டீர்கள். அதற்கு முந்திய ஆண்டு திருக்குறளைக் கேட்டீர்கள். இந்த ஆண்டு, வயது அறுபதைத் தாண்டிய ஒருவன் பொம்மையைப் பற்றிப் பேச வந்திருக்கிறான்.

ஆயினும், பொம்மை இலக்கியத்திற்குப் புறம்பானது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பட்டினப்பாலையைப் படித்தவர்கள் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமல் கையால் உருட்டிச் சென்ற மூன்று உருளைச் சிறுதேரை மறந்திருக்க மாட்டார்கள். உலர வைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியின் மீது ஒரு பெண் எறிந்த காதணி, அந்தத் தேரின் வழியை மறித்துக் கிடந்ததாம். நகரின் செல்வச் செழிப்பைக் காட்ட வந்த புலவருக்கு ஒரு விளையாட்டுத் தேர் தேவைப்பட்டது. பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவதற்கென்றே ஒரு பருவம் வகுத்து வைத்தவர்கள் நாம். ஆகவே என் பொருளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்றே கருதுகிறேன்.

நான் பேச எடுத்துக்கொண்டது பொம்மையின் பெருமை அன்று. பொம்மை சேர்ப்பவர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசிக்கொண்டார்கள், இப்பொழுது எவ்வாறு பேசிக்கொள்கிறார்கள் என்பதே. கைபேசியும் அதற்குள் இருக்கும் குழுக்களும் அந்தப் பேச்சை எப்படி மாற்றிவிட்டன என்பதை என் கண் கண்ட அளவில் கூறுகிறேன்.

பொம்மை சேர்ப்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக் கொடுத்த பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நம் வீட்டுத் தாய்மார்கள் ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்ற நியதியோடு, ஒற்றைப்படை எண்ணில் படி கட்டி, முன் ஆண்டுப் பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றி, பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றி, அடுத்த ஆண்டு ஒன்றுகூடக் குறையாமல் இறக்கி வைக்கிறார்களே, இதற்குச் சேகரிப்பு என்பதைத் தவிர வேறு என்ன பெயர் சொல்வது? அருங்காட்சியகத்தார் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை நம் அன்னையர் சுண்டலும் கொடுத்துச் செய்தார்கள்!

என் தாயார் மணமாகி மாதுங்காவுக்கு வந்தபோது, தம் பெட்டியில் ஓர் இணை மரப்பாச்சிப் பொம்மைகளைக் கொண்டு வந்தார்கள். செம்மரத்தில் கடைந்தவை. அந்த இரண்டிலிருந்து தொடங்கி நாற்பது ஆண்டுகளில் ஒன்பது படி நிறைந்தது. எல்லாம் ஊரிலிருந்து வந்தவை: பண்ருட்டி மண் பொம்மைகள், காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவின் காகிதக்கூழ்ப் பொம்மைகள், மதுரையை அடுத்த விளாச்சேரியிலிருந்து கிராமத்துக் காட்சிகள், தஞ்சாவூர்த் தலையாட்டி. இடையிடையே கொண்டபள்ளியிலிருந்து மரத்தாலான அம்பாரி யானை ஒன்றும், சென்னபட்டணத்து அரக்குப் பூச்சுக் கிலுகிலுப்பைகளும் உண்டு. பொம்மைகள் வைக்கோலில் பொதியப்பட்டு, குண்டக்கல் வழியாக வரும் மதராஸ் மெயிலில் யாராவது ஒரு சித்தப்பாவின் மடியில் அமர்ந்து பம்பாய்க்கு வரும். சித்தப்பா தூங்கிவிட்டால் கை ஒடியும்; ஆகையால் சித்தப்பா தூங்குவதில்லை.

அக்காலத்தில் செய்தி எப்படிப் பரவியது? நவராத்திரி மாலையில் பாவாடை உடுத்த சிறுமியர் கையில் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகச் சென்று அழைப்பார்கள். அழைப்பை ஏற்று மாமிகள் வருவார்கள். பாட்டுப் பாடியாகும். சுண்டல் கைக்கு வரும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். "இந்த ராமர் பட்டாபிஷேகம் புதுசா? எங்கே வாங்கினீர்கள்? லட்சுமணர் முகம் நன்றாக விழுந்திருக்கிறதே!" என்று ஒருவர் கேட்பார். கேட்டவருக்கு ஊர், கடை, கொண்டு வந்தவர், வழியில் ஒடிந்தது, ஒட்டியது எல்லாம் சொல்லப்படும். விலையை மட்டும் எவரும் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதை அன்று என்பது எழுதாத சட்டம். வீட்டுக்குத் திரும்பியவர் மறுநாளே கும்பகோணத்துத் தங்கைக்கு ஓர் உள்நாட்டுத் தபால் எழுதுவார். பதில் வர ஒரு வாரம். பொம்மை வர ஓராண்டு. தொலைபேசி வேண்டி விண்ணப்பித்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த காலம் அது.

இந்த முறையில் குறை உண்டு. அறிவு நான்கு கட்டடங்களைத் தாண்டிப் போகாது. மாதுங்காவில் அறிந்தது செம்பூருக்கு வருவதற்குள் ஒரு தலைமுறை சென்றுவிடும். தாராவிக்கோ அது போகவே போகாது. இதை நாம் ஒளிக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும். மாதுங்காவின் கொலுவுக்கும் தாராவித் தொண்ணூறு அடிச் சாலைக்கும் இடையில் நடந்து போகும் தொலைவுதான். ஆயினும் குங்குமச் சிமிழ் அந்தத் தொலைவை ஒருநாளும் கடந்ததில்லை. அங்கே குடியேறிய திருநெல்வேலித் தமிழரின் பல இல்லங்களில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அன்று என்பதும் நமக்குத் தெரியும்.

என் தாயார் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். பால் கணக்குக்கு வாங்கிய நோட்டு. அதில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு வரி: ஆண்டு, ஊர், கொடுத்தவர் அல்லது வாங்கியவர், விலை, பழுது. "1961, பண்ருட்டி, செட்டியார் – செட்டிச்சி, ரூபாய் ஒன்று நயா பைசா இருபத்தைந்து, செட்டிச்சி மூக்கு வழியில் போயிற்று" என்று ஒரு வரி இருக்கிறது. இந்த நோட்டை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவேன்.

கொலுவை என் தமக்கை எடுத்துக்கொண்டாள். ஆண்பிள்ளையாகிய என் பங்குக்கு வந்தது வேறு சேகரிப்பு: வார்ப்புக் கார்கள். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்கள். லண்டனில் லெஸ்னி நிறுவனத்தார் 1953இல் தீப்பெட்டியளவு பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கிய மேட்ச்பாக்ஸும், கலிபோர்னியாவில் மேட்டல் நிறுவனத்தார் 1968இல் வெளியிட்ட ஹாட் வீல்ஸும் உலகம் அறிந்தவை. நம் நாட்டில் பலர் அறியாத ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் டிங்கி கார்களை வார்த்த பழைய அச்சுகள் சில 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. டிங்கி என்ற பெயர் இருந்த இடத்தில் நிக்கி என்ற பெயர் ஏறியது. பிறகு 1980களில் லியோ என்ற பெயரோடு மேட்டல் பெயரும் சேர்ந்து இந்தியாவிலேயே ஹாட் வீல்ஸ் வார்க்கப்பட்டது. அமெரிக்காவில் சிவப்பாக வந்த கார் இங்கே வேறு எந்த நிறத்திலோ, வேறு எந்தச் சித்திரத்தோடோ வெளிவந்துவிடும். அன்று அது குறை. இன்று அதற்காகவே மேனாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்திய வார்ப்புகளைத் தேடி அலைகிறார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு வரை, இந்தக் கார் பைத்தியம் எனக்கு மட்டும்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். சோர் பஜாரில் மட்டன் தெருவில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் மட்டும் என்னைப் புரிந்துகொண்டவர். அவரும் என் பணத்தைத்தான் புரிந்துகொண்டார். பின்னர் கணினி வந்தது, மின்னஞ்சல் குழு வந்தது, ஆர்குட் வந்தது, முகநூல் வந்தது, இறுதியில் வாட்ஸ்அப் வந்து எல்லோரையும் ஒரே திண்ணையில் உட்கார்த்தி வைத்தது. திண்ணை முதலில் சிறியது. ஒரு குழுவுக்கு 100 பேர் என்று இருந்தது. 2016இல் 256 ஆயிற்று. 2022இல் 512 ஆகி, அதே ஆண்டில் 1024 ஆயிற்று. எங்கள் கார்க் குழுவில் கோயம்புத்தூர்க்காரர் உண்டு, யாழ்ப்பாணத்துக்காரர் உண்டு, டொரண்டோவில் இருப்பவரும் உண்டு. நடு இரவில் ஒரு காரின் அடித்தகட்டைப் படம் எடுத்துப் போட்டால், நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அதன் குலம் கோத்திரம் தெரிந்துவிடுகிறது. நான் பதினைந்து ஆண்டுகள் தேடியும் அறியாத ஒன்றை ஒரு பள்ளி மாணவன் பதினைந்து நொடியில் சொன்னான். மகிழ்ச்சியாகவும் இருந்தது, சற்றே வெட்கமாகவும் இருந்தது.

தாய்மார்களின் கொலுக் குழுக்களில் நடந்த மாற்றம் இன்னும் பெரிது. தமிழில் தட்டெழுதத் தெரியாத மூதாட்டியர் முதலில் ஒதுங்கியே இருந்தார்கள். 2013இல் குரலைப் பதிவு செய்து அனுப்பும் வசதி வந்ததும் அந்தத் தடை உடைந்தது. அவர்கள் பேசத் தொடங்கினார்கள், பேசியவர்கள் நிறுத்தவில்லை! விரிசல் கண்ட மண் பொம்மையைச் சீர்செய்வது எப்படி, மும்பை மழையில் காகிதக்கூழ்ப் பொம்மை பூசணம் பிடிக்காமல் காப்பது எப்படி, கற்பூரம் நல்லதா வேப்பிலை நல்லதா என்று நள்ளிரவு வரை வாதம் நடக்கும். விளாச்சேரியிலும் காஞ்சிபுரத்திலும் பொம்மை செய்வோர் தாமே படம் அனுப்பி, தாமே விலை கூறி, தாமே பொதிந்து அனுப்புகிறார்கள். என் தாயாரின் நோட்டில் ஊர்ப் பெயர் இருக்கிறது, கடைப் பெயர் இருக்கிறது. செய்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. இன்று செய்தவரின் பெயர் என் தமக்கையின் கைபேசியில் இருக்கிறது. அவர் மகளின் திருமண அழைப்பும் அதிலேயே வந்தது. இதை நான் சிறிய மாற்றமாகக் கருதவில்லை.

ஆனால் அதே வேளார் ஒருவர் என்னிடம் சொன்ன குறையையும் சொல்லியாக வேண்டும். "முன்பெல்லாம் நான் ஒரு புதுக் காட்சி செய்தால் மூன்று நான்கு வருஷம் எனக்கே ஓடும் ஐயா. இப்போது படத்தைப் போட்ட மறுமாதமே நாலு பேர் அச்செடுத்து விடுகிறார்கள். படம் போடாவிட்டால் விற்காது, போட்டால் எனக்கு நிற்காது" என்றார். அவருக்கு நான் என்ன மறுமொழி கூற முடியும்? படத்தை எடுத்து நாலு குழுவுக்கு அனுப்பி வைத்தவர்களில் நானும் ஒருவன்.

படம் என்பது கண்ணுக்கு மட்டும் பதில் சொல்லும். பொம்மை அறிபவர்களோ கையால் அறிபவர்கள். விரல் மடக்கித் தட்டினால் சுட்ட மண் ஓர் ஓசை எழுப்பும். காகிதக்கூழ் ஊமையாக இருக்கும். செம்மர மரப்பாச்சியைத் தூக்கினாலே தெரியும். நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்கு அது கனமான மரம். நனைந்த கல்லில் உரைத்தால் சிவப்பாகக் கரையும். நம் பாட்டிமார் அப்படி உரைத்துக் குழந்தைகளுக்குப் பூசியதும் உண்டு. செம்மரம் வெட்டுவது சட்டக் கட்டுப்பாட்டிற்குள் வந்த பிறகு, வேறு மரத்தில் சாயம் ஏற்றிய பொம்மைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. இவ்வளவும் தெரிந்த நான், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு முகம் அறியாத ஒருவர் அனுப்பிய அழகான படத்தை நம்பி, பழைய செம்மர மரப்பாச்சி என்று பெருந்தொகை கொடுத்து வாங்கினேன். பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்த அந்தக் கணமே தெரிந்துவிட்டது; பொம்மை காற்றில் பறந்துவிடும் போல் இருந்தது. என் தமக்கை அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. குளியலறைக்கு எடுத்துச் சென்று வாளியில் போட்டாள். மிதந்தது. அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லை.

கார்களிலும் இதே கதைதான். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால், வார்ப்பு உள்ளுக்குள்ளேயே வெடித்து, ஆண்டுகள் செல்லச் செல்லப் பொடியாகிவிடும். நம் ஊரின் ஈரக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். வண்ணத்திற்குக் கீழே ஓடும் மயிரிழைப் பிளவைப் படம் காட்டாது. நகத்தால் தடவினால் தெரியும்.

2020ஆம் ஆண்டு நவராத்திரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்டோபர் 17இல் தொடங்கியது. தொற்று நோயின் அச்சத்தால் எவரும் எவர் வீட்டுப் படியும் ஏறவில்லை. புறநகர் ரயிலில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பெண்களுக்குக்கூட 21ஆம் தேதி முதல்தான், அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், அனுமதி கிடைத்தது. கைபேசித் திரையிலேயே கொலு பார்த்தோம், திரையிலேயே பாடினார்கள், அமெரிக்காவில் இருக்கும் பேத்தி அங்கிருந்தே தாம்பூலம் கேட்டாள். அந்த ஆண்டு அது இல்லாதிருந்தால் எத்தனையோ முதியோர் ஒன்பது நாளும் ஒரு மனிதக் குரல் கேளாமல் இருந்திருப்பார்கள். ஆனால் நோய் நீங்கிய பிறகும் சிலர் படத்தோடு நின்றுவிட்டார்கள். இருநூறு பேர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிய கொலுவின் முன்னால், செய்த சுண்டல் அப்படியே ஆறிக் கிடந்ததை ஒரு வீட்டில் கண்டேன்.

இனி, இந்த மேடைக்கு என்னைக் கொண்டு வந்த நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

செம்பூரில் எங்கள் கட்டடத்திற்கு அடுத்த கட்டடத்தில் ஒரு மாமி இருக்கிறார்கள். வயது எண்பத்து நான்கு. பிள்ளைகள் வெளிநாட்டில். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். மாமி அதுவரை சிறிய வாடகை வீட்டிற்குப் போக வேண்டும். பிறகு எங்கு என்பது தெரியாது. அறுபது ஆண்டுக் கொலுப் பொம்மைகளை என்ன செய்வது? "ஒரு நல்ல இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள். பணம் வேண்டாம். ஆனால் பிரிக்கக் கூடாது; ஒரே வீட்டுக்குப் போக வேண்டும்" என்றார்கள்.

எனக்கு இது மிக எளிய செயலாகத் தோன்றியது. படங்கள் எடுத்துக் கொலுக் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் கேட்டார்கள். நாற்பது பேரும் கேட்டது மரப்பாச்சியையும் பழைய தசாவதாரத்தையும்தான். செட்டியாரையும் செட்டிச்சியையும், அவர்கள் முன்னால் இருந்த சின்னஞ்சிறு பருப்புக் கடையையும் எவரும் கேட்கவில்லை. பொம்மையின் பெயர் தெரியுமுன் விலை தெரிய வேண்டும் என்றார்கள். இலவசம் என்றதும் சிலருக்கு ஐயம் பிறந்தது. ஒருவர் மாலைக்குள் ஒரு பட்டியலே தயாரித்து, எண் போட்டு, "எனக்கு 4, 11, 12 மட்டும்" என்று எழுதினார். இதை நான் மாமியிடம் படித்துக் காட்டினேன். மாமி சற்று நேரம் பேசாதிருந்து, "கல்யாணச் சமையல்காரரிடம் முந்திரியை மட்டும் பொறுக்கிக் கொடு என்று கேட்பது போல் இருக்கிறதே" என்றார்கள்.

இரண்டாம் நாள் நான் ஒரு பிழை செய்தேன். மாமியின் வேண்டுகோளை மறுபடியும் விரிவாக எழுதி அனுப்பியபோது, கை தவறி, அது கொலுக் குழுவுக்குப் போகாமல் கார்க் குழுவுக்குப் போய்விட்டது. அறிவதற்குள் பலர் சிரித்து முடித்திருந்தார்கள். அவர்களுக்கிடையில் ஒரே ஒரு பதில்: "அண்ணாச்சி, நான் வந்து பார்க்கலாமா?"

எழுதியவரை எனக்கு நான்கு ஆண்டுகளாகத் தெரியும், ஆனால் பார்த்ததில்லை. எங்கள் குழுவில் இந்திய வார்ப்புகளைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் முடிவு சொல்பவர் அவரே. ஒரு காரின் சக்கரத்தைப் பார்த்தே எந்தத் தொகுதி என்று கூறுவார். ஏதோ கல்லூரி ஆசிரியர் என்று நான் எண்ணியிருந்தேன். மாதுங்காவில் இரண்டு முறை குழுவினர் காப்பிக்கடையில் கூடியபோதும் அவர் வரவில்லை. காரணம் கேட்டால் வேலை என்பார். செம்பூர் ரயில் நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தவர் முப்பது வயது இளைஞர். தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் தொழில். நகரம் எறிந்த உடைந்த பொம்மைகளெல்லாம் மூட்டையாக அங்கேதான் வந்து விழுகின்றன. நிறம் வேறு, வகை வேறு என்று பிரித்து அரைப்பதற்கு முன், உள்ளே கிடக்கும் உலோகக் கார்களை அவர் எடுத்து வைத்துக்கொள்வார். அவருடைய கல்லூரி அந்த மூட்டைதான். கூட்டத்திற்கு ஏன் வரவில்லை என்று மறுபடியும் கேட்டேன். "போனில் நான் எந்தத் தெரு என்று யாரும் கேட்க மாட்டார்கள், அண்ணாச்சி. நேரில் வந்தால் அதுதானே முதல் கேள்வி" என்றார்.

நண்பர்களே, குங்குமச் சிமிழ் கடக்காத தொலைவை, என் கை தவறி அனுப்பிய ஒரு செய்தி கடந்தது. அதற்காக நான் கைபேசிக்குப் பெருமை சூட்டவும் இல்லை. அந்தப் பிழையை நான் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது மனம் இப்பொழுதும் குறுகுகிறது. அவரையும் கொலுக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

இளைஞர் தம் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். பொம்மை கேட்டது உண்மையில் அந்தப் பெண்தான். அவர் தாயார் மாதுங்காவில் வீட்டு வேலை செய்தவர். சிறுமியாக இருந்தபோது தாயோடு போய்க் கொலுவைக் கதவருகே நின்று பார்த்தவர். மாமியின் வீட்டில் நுழைந்ததும் அந்தப் பெண் விலையும் கேட்கவில்லை, எண்ணிக்கையும் கேட்கவில்லை. செட்டிச்சியைக் கையில் எடுத்து, "பாட்டி, இது எப்போது வாங்கியது?" என்று கேட்டார்.

மாமிக்கு வேறு என்ன வேண்டும்? சொல்லத் தொடங்கினார்கள். அன்று மாலை ஒரு படிக்கு மேல் நகரவில்லை. அந்தப் பெண் கைபேசியைப் பக்கத்தில் வைத்துக் குரலைப் பதிவு செய்துகொண்டார். மூன்று மாலை வந்தார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பேச்சு. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு கதை. பொம்மைகள் இன்று தாராவியில் இருக்கின்றன. நூற்றைம்பது சதுர அடி வீட்டில் ஒன்பது படி எங்கே வைப்பது என்று மாமியின் உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்; கேட்ட குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணே விடை கூறினார்: ஆண்டுக்கு மூன்று படி, மூன்று ஆண்டில் எல்லாப் பொம்மைக்கும் முறை வந்துவிடும், மற்றவை பரணில் உறங்கும். சென்ற நவராத்திரியில் மாமியை வாடகை வண்டியில் அழைத்துச் சென்று காட்டினோம். சந்தில் வண்டி நுழையாது. கடைசிக் கொஞ்ச தூரம் அந்த இளைஞரின் நண்பர்கள் நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். மாமி நாற்காலியில் இருந்தபடியே, "கடலைப் பருப்பா, கொண்டைக் கடலையா?" என்று சுண்டலைப் பற்றி விசாரித்துக்கொண்டு போனார்கள்.

நோட்டுப் புத்தகத்திற்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். இந்த நான்கு மணி நேரக் குரல் எங்கே இருக்கிறது? ஒரு கைபேசியில். நான் என் பழைய கைபேசியை ஓர் ஆடி மாதத்து மழையில் கிங்ஸ் சர்க்கிளின் முழங்கால் நீரில் போட்டவன். பத்து ஆண்டுப் படங்கள் அதோடு போயின. பிழை முழுவதும் என்னுடையது. கைபேசி தப்பினாலும் குழு தப்புவதில்லை. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாகூ குழுக்கள் 2020 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டன. உலகமெங்கும் எத்தனையோ சேகரிப்பாளர்கள் ஆண்டுக் கணக்காகப் பேசிவைத்த அறிவு அவற்றில் இருந்தது. என் தாயாரின் பால் கணக்கு நோட்டோ அறுபது ஆண்டாகியும் என் தமக்கையின் அலமாரியில் இருக்கிறது. ஒரு மூலையைக் கரப்பான் தின்றதைத் தவிரப் பழுதில்லை. ஆகையால் அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். குரலைக் கேட்டுக் கேட்டு எழுதி வருகிறார். இதுவரை ஐந்து படி முடிந்திருக்கிறது. முடிந்ததும் ஒரு படியை நம் சங்கத்தின் நூலகத்தில் வைக்கச் செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள்.

அந்த நோட்டில் ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது. அதைக் காட்டவே இந்தத் துணிப் பையைத் தூக்கி வந்தேன். இதோ, இந்தப் பொம்மை. இடுப்பில் குடம் ஏந்திய பெண். உடல் வேலையும் கண் வேலையும் நம் ஊர் வேலை போலவே இருக்கின்றன; ஆனால் புடவைக்கட்டு மராட்டியப் பெண்களின் கச்சைக்கட்டு. மாமிக்கு இது எப்போது, எப்படி வீட்டுக்குள் வந்தது என்று நினைவில்லை. மாமியார் காலத்தது என்று மட்டும் கூறுகிறார்கள். பண்ருட்டிக்காரர் பம்பாய்க்கென்றே செய்து அனுப்பியதாக இருக்கலாம் என்பது மாமியின் எண்ணம். தாராவிக் கும்பர்வாடாவில் குஜராத்திக் குயவர் எவரோ தமிழருக்காகச் செய்ததாக இருக்கலாம் என்பது அந்த இளைஞரின் எண்ணம். பிள்ளையார் செய்யும் பேண் ஊரின் வேலையாக இருக்குமோ என்பது என் எண்ணம். என் எண்ணத்தின் மதிப்பு வாளியில் மிதந்த மரப்பாச்சியால் உங்களுக்குத் தெரியும். படத்தை ஐந்து குழுக்களில் போட்டோம். நிறைய இதயக் குறிகள் வந்தன, விடை வரவில்லை.

அடியில் ஒரு பெருவிரல் அச்சும், ஏழு என்ற எண்ணும் இருக்கின்றன. இங்கே மாதுங்காவில் ஐம்பது அறுபது ஆண்டு வாழ்ந்த தாய்மார்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். இதன் சகோதரி எவர் வீட்டுப் பரணிலாவது இருக்கக் கூடும். மேசையின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். சிற்றுண்டிக்குச் செல்லுமுன் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், தட்டிப் பாருங்கள். இடக்கை சற்றுத் தளர்ந்திருக்கிறது, பார்த்துப் பிடியுங்கள். அந்தப் பெண் நோட்டோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.